கணப்புக்கு வந்த ஆப்பிள் மரம்

1826-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், பிலடெல்பியா நகரத்து அமெரிக்கத் தத்துவ சங்கத்தின் முன்னிலையில், மார்க்கஸ் புல் என்பவர் தாம் வெகு பொறுமையுடன் செய்து முடித்த ஒரு பரிசோதனையின் பலன்களை வாசித்தார். விறகு வாங்குகிறவன் எந்த மரத்துக்கு என்ன விலை கொடுத்தால் நஷ்டப்படாமல் இருப்பான் என்பதே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. ஓர் அறைக்குள்ளே இன்னொரு சிறிய அறையைக் கட்டி, அதில் ஓர் அடுப்பை வைத்து, வெளியறையைக் காட்டிலும் உள்ளறை எப்போதும் 10 டிகிரி உஷ்ணம் கூடுதலாகவே இருக்கும்படி கவனித்து, நன்றாக உலர்த்தி நிறுத்த விறகு அந்த உஷ்ணத்தை எத்தனை நேரம் காப்பாற்றுகிறது என்று கடிகாரமும் கையுமாக இருந்து அவர் குறித்துக்கொண்டார். இவ்விதம் 40-க்கு மேற்பட்ட மரங்களை ஒவ்வொன்றாக எரித்துப் பார்த்து, அவற்றுள் சிறந்ததாகக் கண்ட ஹிக்கரி மரத்துக்கு 100 என்று மதிப்பிட்டு, மற்றவற்றை அதைக் கொண்டு அளந்தார். வெள்ளை ஓக் 81, வெள்ளை ஆஷ் 77, பீச் 65, சர்க்கரை மேப்பிள் 60, வெள்ளைப் பைன் 42. இந்த ஜாபிதாவின் நடுவே, பீச்சையும் மேப்பிளையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு, 70 என்ற மதிப்புடன் நிற்கிறது ஆப்பிள் மரம்.

காட்டு மரங்கள் கூடியிருக்கும் சபையில் ஒரு பழமரம் எவ்வாறு வந்து உட்கார்ந்தது? விறகுக்கென்று ஆப்பிள் மரத்தை நட்டவன் உலகில் எவனும் இருந்ததில்லை. கன்றை ஊன்றி, ஒட்டுக் கட்டி, முயலும் எலியும் பட்டையைக் கடிக்காமல் காத்து, முதல் காய்ப்புக்கே பல வருஷங்கள் தவம் கிடந்து வளர்த்த மரத்தை, அது காய்த்துக்கொண்டிருக்கும் வரையில் யாரும் கோடரியால் தொடமாட்டார்கள். வருஷந்தோறும் கவாத்துச் செய்கையில் விழும் குச்சிகள் சுள்ளியாக அடுப்புக்குப் போகும். சூறைக்காற்றில் முறிந்த கிளை ஒன்றிரண்டு நாள் குளிர்காய உதவும். அடிமரமும் பெருங்கிளையும் கட்டை கட்டையாக வீட்டு வாசலில் அடுக்கப்படுகின்றன என்றால், ஒன்று அந்த மரம் செத்திருக்க வேண்டும். அல்லது அதன் பழத்துக்கு மதிப்புச் செத்திருக்க வேண்டும். ஆகவே ஆப்பிள் விறகின் சரித்திரத்தை எழுதப் புகுபவன், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், தோப்புகள் வீழ்ந்த சரித்திரத்தையே எழுதவேண்டியவனாகிறான். அந்தச் சரித்திரம் மிகவும் விரிவாகத் தெரியவரும் இடம் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், மாஸசூஸெட்ஸ், மெய்ன், வெர்மான்ட் முதலிய ஆறு ராஜ்யங்கள் அடங்கிய நியூ இங்கிலாந்துப் பிரதேசம்.

அந்தப் பிரதேசத்துக்கு வந்து குடியேறிய ஆங்கிலேயர்களுக்கு முதலில் வியப்பை உண்டாக்கியது அங்கிருந்த விறகின் மிகுதி. தாய்நாட்டில் காடுகள் அருகி, விறகு விலையேறி, ஏழைகள் குளிரில் நடுங்கிய காலம் அது. 1629-இல் சேலம் என்னும் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த பிரான்சிஸ் ஹிக்கின்ஸன் என்ற பாதிரியார், அடுத்த வருஷம் வெளியான தம் சிறு நூலில், இங்கே 50 ஏக்கர் நிலம் பெற்ற ஏழைப் பணியாள்கூட இங்கிலாந்தின் பிரபுக்கள் பலரால் முடியாத அளவுக்குத் தாராளமாகத் தீ வளர்க்கலாம் என்று பெருமிதத்துடன் எழுதினார். எழுதியபடியே ஜனங்களும் செய்து காட்டினார்கள். நம் ஊர் விறகுத் தொட்டியில் விறகைத் தராசில் நிறுத்துப் போடுவது வழக்கம். அங்கேயோ அடுக்கி அளப்பார்கள். 8 அடி நீளம், 4 அடி அகலம், 4 அடி உயரமுள்ள அடுக்குக்குக் கோர்டு என்று பெயர். அந்தக் காலத்துக் குடும்பம் ஒன்று ஒரு வருஷத்தில் 30 முதல் 40 கோர்டு வரையில் எரித்தது என்று சரித்திர ஆசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். ஆள் மார்பளவு உயரத்துக்கு 300 அடி நீளம் போகும் அந்த விறகுச் சுவர், அடுத்த மார்கழிக்குள் சாம்பலாகிவிடும். ஊர்ப் பாதிரியாருக்குக் கொடுக்கும் சம்பளத்தில் ஒரு பகுதியை விறகாகவே அளப்பதும் பல ஊர்களில் சம்பிரதாயமாக இருந்தது.

இவ்வளவையும் விழுங்கிய கணப்படுப்பு எத்தகையது என்பதையும் பார்க்கவேண்டும். ஓர் ஆள் குனியாமல் உள்ளே நுழையக்கூடிய மாடம். அதன் பின்சுவரை ஒட்டினாற்போல், இருவர் சேர்ந்து உருட்டிக்கொண்டு வந்து போட்ட பெருங்கட்டை ஒன்று. அதற்கு முன்னால் சிறு கட்டைகளும் சுள்ளிகளும். பின்கட்டை மெதுவாகக் கனன்றுகொண்டே கிடக்கும்; முன்னால் உள்ளவை சுடர்விட்டு எரியும். உஷ்ணத்தில் பெரும் பங்கு அகன்ற புகைபோக்கி வழியாக ஆகாயத்துக்குப் போய்விட, முகம் வெந்தும் முதுகு விறைத்தும் உட்கார்ந்திருப்பதே குடும்பத்தாருக்கு வாய்த்த சுகம். இந்த ஊதாரித்தனத்தின் பலன் ஒரு நூற்றாண்டுக்குள் தெரிந்துவிட்டது. 1744-இல் தாம் அமைத்த இரும்புக் கணப்பைப் பற்றிப் பிரசுரம் வெளியிட்ட பெஞ்சமின் பிராங்க்ளின், நூறு வருஷத்துக்கு முன் அவரவர் வாசற்படியில் கிடைத்த விறகைச் சில நகரங்களுக்கு இப்போது ஏறக்குறைய நூறு மைல் தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டியிருக்கிறது என்று முறையிட்டார்.

விறகைச் சிக்கனப்படுத்தும் சாஸ்திரத்தில் பிராங்க்ளினைக் காட்டிலும் ஆழ்ந்து இறங்கியவர் மாஸசூஸெட்ஸின் வூபர்ன் ஊரில் 1753-இல் பிறந்த பெஞ்சமின் தாம்ப்ஸன். அதே ஊரில் அவருக்குச் சில வருஷம் மூத்தவராக லோவாமி பால்டுவின் என்று ஒரு நண்பர் இருந்தார். இளமையில் இவ்விருவரும் வூபர்னிலிருந்து கேம்பிரிட்ஜுக்குக் கால்நடையாகவே போய், ஹார்வர்டு கலாசாலையில் ஜான் வின்த்ராப் நிகழ்த்திய பௌதிகப் பிரசங்கங்களைக் கேட்டுத் திரும்புவார்கள். பிறகு சுதந்திரப் போர் மூண்டபோது இருவரும் எதிரெதிர்ப் பக்கத்தில் நின்றார்கள். பால்டுவின், வாஷிங்டனின் சேனையில் கர்னலாகப் போரிட்டார். தாம்ப்ஸனோ பிரிட்டிஷ் மன்னரின் பக்ஷத்தைச் சேர்ந்து, தாய்நாட்டை விட்டு வெளியேறி, பவேரியாவில் பெரும் பதவிகள் வகித்து, ரம்ஃபோர்டு பிரபு என்ற பட்டத்துடன் ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்றார். பீரங்கிக் குழாயைக் குடையும்போது உண்டாகும் சூட்டைக் கொண்டு, உஷ்ணம் என்பது ஒரு திரவப் பொருளன்று, இயக்கமே என்று வாதித்தவர் அவர்தாம். கணப்படுப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து, புகை போகும் கழுத்தை நெருக்கி, நெருப்பின் வெப்பம் அறைக்குள்ளேயே திரும்பி வீசும்படி அவர் திருத்தி அமைத்த மாடம், 1796-இல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வீடு வீடாகப் பரவியது.

ஊரிலேயே தங்கிய பால்டுவின் கட்டியது கால்வாய். மெரிமாக் நதியிலிருந்து பாஸ்டன் துறைமுகத்தை அடுத்த சார்ல்ஸ்டவுன் வரையில் 27 மைல் நீளமுள்ள மிடில்ஸெக்ஸ் கால்வாய் 1803-இல் திறக்கப்பட்டு, வடக்கத்திக் காட்டு மரத்தையும் விறகையும் தோணிகளில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டுவந்து கொட்டியது. ஆனால் அவர் பெயரை நிலைநாட்டியது அந்தக் கால்வாயன்று. வூபர்னை அடுத்த வில்மிங்டனில், மரங்கொத்திகள் விரும்பி வந்து குடியிருந்த காரணத்தால் மரங்கொத்தி ஆப்பிள் என்று அக்கம்பக்கத்தார் அழைத்துவந்த மரம் ஒன்றின் அருமையை உணர்ந்து, அதன் கொப்புகளை வாங்கி ஒட்டுக் கட்டி, நண்பர்களுக்கெல்லாம் விநியோகம் செய்தார். அது பிற்காலத்தில் பால்டுவின் ஆப்பிள் என்றே பெயர்பெற்று, நியூ இங்கிலாந்துத் தோப்புகளுக்கு ராஜாவாக முடிசூடிக்கொண்டது. விறகை மிச்சம் பிடிக்கும் அடுப்பையும், பின்னாளில் அடுப்புக்கே போய்ச் சேர்ந்த ஆப்பிளையும் ஒரே ஊரின் இரண்டு நண்பர்கள் உலகத்துக்கு அளித்தார்கள் என்பதை எண்ணும்போது, சரித்திரத்துக்கும் சற்று விளையாட்டுப் புத்தி உண்டோ என்று தோன்றுகிறது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. உஷ்ணத்தையும் ஒளியையும் பற்றிச் சிறந்த ஆராய்ச்சி செய்பவருக்குப் பரிசளிக்கும்படி ரம்ஃபோர்டு 1796-இல் பாஸ்டனிலுள்ள அமெரிக்க அகாடமிக்கு 5,000 டாலர் தானம் செய்திருந்தார். நாம் முதலில் சந்தித்த மார்க்கஸ் புல், தம் விறகுப் பரிசோதனை அந்தப் பரிசுக்குத் தகுதியானது என்று கருதி விண்ணப்பித்தார். அகாடமியின் கமிட்டி பிழைகளை எடுத்துக்காட்டி மறுத்துவிட்டது. புல் விடவில்லை, கமிட்டியுடன் நடந்த கடிதப் போக்குவரத்து முழுவதையும் சேர்த்து 1828-இல் ஒரு கண்டனப் புத்தகமே அச்சிட்டார், கமிட்டியைச் சேர்ந்த ஒருவர் அதற்குப் பதில் அச்சிட்டார். அகாடமியாரோ, கருமியின் பெட்டியைப்போல், தகுதியுடையவர் எவரையும் காணாமல் 1839 வரையில் அந்தப் பரிசைப் பூட்டியே வைத்திருந்தார்கள். கிடைக்காத பரிசு கிடைக்காமலே போக, புல் போட்ட எண்கள் மட்டும் அந்த நூற்றாண்டு முழுவதும் விவசாயப் பத்திரிகைகளிலும் கைநூல்களிலும் விறகு விலைக்கு ஆதாரமாக உலவிவந்தன.

இனித் தோப்புகளுக்கு வருவோம். பாஸ்டன் என்ற நகரம் தோன்றுவதற்கு முன்பே, அதன் பீக்கன் குன்றின் சரிவில் தனியாகக் குடியிருந்த வில்லியம் பிளாக்ஸ்டன் என்ற பாதிரியார் போட்ட ஆப்பிள் தோப்பே அந்தப் பிரதேசத்தின் முதல் தோப்பு என்று சொல்வது மரபு. அவருக்குப் பின் வந்த குடியானவர்கள் பெரும்பாலும் விதைகளையே ஊன்றினார்கள். ஆப்பிளின் சுபாவம் விசித்திரமானது. ஒரு பழத்தின் ஐந்து விதைகளை நட்டால் ஐந்து வேறு மரங்கள் முளைக்கும். அவற்றில் நான்கின் பழம் புளிப்பும் துவர்ப்புமாக வாயில் வைக்க முடியாததாயிருக்கும். இதைப் பற்றி அந்த ஜனங்கள் கவலைப்படவில்லை. அவர்கள் ஆப்பிளைத் தின்பதற்காக வளர்க்கவில்லை, குடிப்பதற்காகவே வளர்த்தார்கள். பழத்தை ஆலையில் நசுக்கிப் பிழிந்து, சாற்றைப் பீப்பாயில் அடைத்துப் புளிக்கவைத்தால் சைடர் என்னும் பானமாகும். சிறுவர் முதல் கிழவர் வரையில், சாப்பாட்டிலும் அறுவடை வேலையிலும், பாதிரியார் பதவியேற்கும் வைபவத்திலுங்கூட அது இல்லாமல் முடியாது. அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதியாகிய ஜான் ஆடம்ஸ் காலையில் எழுந்ததும் ஒரு குவளை சைடர் அருந்துவதைப் பழக்கமாகக் கொண்டிருந்தார். அவர் 90 வயது வரையில் ஜீவித்தார் என்பதை அந்தப் பானத்தின் பக்தர்கள் அடிக்கடி எடுத்துக் காட்டுவதுண்டு.

ஆடம்ஸ் காலமானது 1826 ஜூலை மாதம் நான்காம் தேதி. புல் தம் ஜாபிதாவைத் தத்துவ சங்கத்தின் முன் வாசித்ததும் அதே வருஷம். அதே வருஷத்தின் ஆரம்பத்தில் பாஸ்டனில் தொடங்கப்பட்டது அமெரிக்க மதுவிலக்கு சங்கம். முதலில் அந்தச் சங்கத்தார் காய்ச்சி வடித்த சாராய வகைகளை மட்டுமே எதிர்த்தார்கள். சைடர் குற்றமற்ற கிராமத்துப் பானமாகவே கருதப்பட்டது. பத்து வருஷத்துக்குள் நிலைமை மாறிற்று. 1836-இல் கூடிய மகாநாடு, மயக்கம் தரும் பானம் எதுவாயினும் தொடுவதில்லை என்ற பூரண விரதத்தை ஏற்றுக்கொண்டபோது, சைடரும் விலக்கப்பட்ட பானங்களின் வரிசையில் சேர்ந்துவிட்டது. பிரசங்க மேடையின் கீழே உட்கார்ந்திருந்த குடியானவனுக்கு இது சங்கடமான நிலை. கையெழுத்திட்ட பிரதிக்ஞை சட்டைப் பையில் இருக்கிறது. தாத்தா நட்ட நூறு மரம் தோப்பில் நிற்கிறது. அதன் பழமோ சைடருக்கன்றி வேறொன்றுக்கும் உதவாது. சிலர் பழத்தைப் பன்றிகளுக்குப் போட்டார்கள். சிலர் மரத்தின் தலையை அறுத்து, பால்டுவின் போன்ற நல்ல ஜாதியின் கொப்புகளை ஒட்டுக் கட்டினார்கள். மனச்சாக்ஷி உறுத்திய சிலர் கோடரியை எடுத்துக்கொண்டு தோப்புக்குள் இறங்கினார்கள். அந்தக் குளிர்காலத்தில் அவர்கள் வீட்டுக் கணப்பில் வாசனையான விறகுக்குக் குறைவிருந்திராது.

காங்கர்டு ஊரில் வசித்த ஹென்றி டேவிட் தோரோ, தாம் இறந்த வருஷமாகிய 1862-இன் நவம்பரில் வெளிவந்த காட்டு ஆப்பிள்கள் பற்றிய கட்டுரையில், குன்றின் சரிவிலிருந்து உருண்டுவந்த பழங்கள் சுவரோரத்தில் 4 அடி உயரத்துக்குக் குவிந்து கிடந்த ஒரு தோப்பைப் பற்றிச் சொல்கிறார். அந்தப் பழங்களை யாரேனும் சைடராக்கிவிடுவார்களோ என்று அஞ்சியே அதன் சொந்தக்காரர் தோப்பை வெட்டிவிட்டாராம். தமிழ் வாசகர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. ஒத்துழையாமை இயக்கத்தின் நாட்களில், கள்ளுக்கு உதவலாகாது என்ற ஒரே காரணத்துக்காக, ஈ. வெ. ராமசாமிப் பெரியார் தமக்குச் சொந்தமான தோப்பில் 500-க்கு மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்ததை நம் நாட்டார் அறிவார்கள். தென்னையில் இளநீரும் காயும் இருக்கக் கள்ளையே நினைத்து வெட்டுவதா என்று இங்கே எழுந்த ஆக்ஷேபம் அங்கேயும் எழுந்தது. எனினும் மதுவிலக்குக் கோடரியைப் பற்றிய கதைகளைச் சற்றுக் குறைத்தே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ரயில் பாதைகள் வந்து மேற்குப் பிராந்தியத்துத் தானியம் கிழக்கே மலிந்ததும், பட்டணத்தில் பீர் பரவியதும், குடியானவர்களின் பிள்ளைகள் ஆலை வேலைக்குப் போனதும் சேர்ந்து, பிரசங்கிகள் ஒரு நாளில் வெட்டச் சொன்ன தோப்புகளை, கவாத்தும் காவலும் இன்றி, ஐம்பது வருஷம் நின்று சாகும்படி விட்டுவிட்டன.

தோரோவைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லி மேலே போகலாம். அவர் குடிசை கட்டி வாழ்ந்த வால்டன் ஏரியில் குளிர்காலத்தில் பனிக்கட்டி வெட்டி எடுக்கப்பட்டது. அதைப் பார்த்த அவர், சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வெயிலில் வாடும் ஜனங்கள் தம் கிணற்று நீரைப் பருகப்போகிறார்கள் என்று எழுதினார். அது வெறும் கற்பனையன்று. பாஸ்டன் வர்த்தகரான பிரடெரிக் டியூடர் 1833-இல் கல்கத்தாவுக்கு முதல் பனிக்கட்டிக் கப்பலை அனுப்பி, 1842-இல் சென்னைக் கடற்கரையில் ஒரு பனிக்கட்டிக் கிடங்கைக் கட்டினார். பின்னாளில் சுவாமி விவேகானந்தர் தங்கி, இன்று அவர் பெயரால் வழங்கும் ஐஸ் ஹவுஸ் கட்டிடமே அது. மரத்தூளில் பொதிந்த பனிக்கட்டியுடன் நியூ இங்கிலாந்து ஆப்பிள் பீப்பாய்களும் அந்தக் கப்பல்களில் இந்தியாவுக்கு வந்தன. சைடருக்கன்றி உதவாத பழத்துக்கு அங்கே மதிப்புப் போய், கடல் கடந்து தாங்கும் தின்னும் பழத்துக்கு மதிப்பு ஏறிய காலத்தை அந்தப் பீப்பாய்கள் குறிக்கின்றன.

விறகு என்ற முறையில் இந்த மரத்தின் குணம் எப்படிப்பட்டது? பட்டை செதில் செதிலாக உரியும். உள்ளே வெளிர்ச் சிவப்பும் பழுப்பும் கலந்த, வைரம் பாய்ந்த கட்டை. கனமானது; தொட்டால் வழவழப்பானது. ஆனால் அதைப் பிளப்பது எளிய காரியமன்று. காட்டு ஓக் வெளிச்சத்தை நாடி நேராக வளர்வதால் ஒரே அடியில் இரண்டாக விழும்; தோப்பில் விசாலமாக நின்று, வருஷந்தோறும் கவாத்துக் கத்தி பட்டு, பழப் பாரத்தால் வளைந்து வளர்ந்த ஆப்பிளுக்கோ சாணுக்கு ஒரு கணுவும் முழத்துக்கு ஒரு முறுக்கும் உண்டு. ஆப்பை வைத்துக் கொட்டாப்புளியால் அடித்தால், பிளவு பாதி தூரம் ஓடி, கணுவைச் சுற்றி வளைந்து, பக்கவாட்டில் வெளியேறிவிடும். ஆப்பு உள்ளே சிக்கிக்கொள்ளும். ஆகையால் அநுபவஸ்தர்கள் ஈரம் உறைந்து கட்டை விறைத்துப்போகும் நல்ல குளிர்நாளைப் பார்த்துப் பிளப்பார்கள். அதற்கும் மசியாத கோணல் கட்டைகளை அப்படியே பின்கட்டையாகப் போட்டுவிடுவார்கள். வெட்டிய வருஷமே எரிக்கப் பார்த்தால் சீறிப் புகையும். ஓராண்டேனும், பருத்த கட்டையானால் இரண்டு ஆண்டுகளும், மழை படாமல் காற்றாட அடுக்கி வைக்கவேண்டும். அவ்வாறு பக்குவப்பட்ட பிறகு அதற்கு நிகர் சிலவே. பொறி சிதறாது, சுடர் உயர்ந்து ஆடாமல் நிதானமாக எரியும், தணல் நெடுநேரம் நிற்கும், பழத்தின் மணத்தை நினைவூட்டும் இனிய வாசனை அறை முழுவதும் கமழும். ஹிக்கரிக்கு 30 பங்கு குறைவென்று புல் போட்ட கணக்கில் இந்த வாசனைக்கு மதிப்பெண் கிடையாது.

நல்ல கட்டையெல்லாம் அடுப்புக்குப் போய்விட்டதாகவும் எண்ணக்கூடாது. எளிதில் பிளவாத அதே குணத்தை விரும்பி, தச்சர்களும் கருவி செய்வோரும் நேரான துண்டுகளைத் தேடி வாங்கினார்கள். தண்ணீரால் ஓடும் மாவு ஆலைகளின் சக்கரப் பற்கள் ஆப்பிள் கட்டையில் செதுக்கப்பட்டன. பிலடெல்பியாவின் டிஸ்டன் ரம்பத் தொழிற்சாலையார் தங்கள் உயர்ந்த ரம்பங்களுக்கு ஆப்பிள் கட்டையிலேயே கைப்பிடி போட்டார்கள். மரம் அறுக்கும் ரம்பத்தின் கைப்பிடி, வெட்டுண்ட பழமரத்தின் கட்டை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதி பால்டுவின் ஆப்பிளின் பொற்காலம். தடித்த தோலும் கருஞ்சிவப்பு நிறமும் உடைய அந்தப் பழத்தைப் பீப்பாயில் அடைத்து நிலவறையில் வைத்தால் வசந்த காலம் வரையில் கெடாது. அட்லாண்டிக்கைக் கடந்து லிவர்பூல் சந்தையில் இறக்கினாலும் அடிபடாது. ஒரு வருஷம் கிளை முறியக் காய்த்து, மறுவருஷம் ஓய்ந்துவிடும் வழக்கம் அதன் ஒரு குறை. இன்னொரு குறை இருந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. மாஸசூஸெட்ஸின் குளிருக்குப் பழகிய மரத்தை, லாபத்தைக் கருதி, மெய்ன் ராஜ்யத்தின் உள்நாட்டுக் குன்றுகள் வரையில் கொண்டுபோய் நட்டார்கள். வழக்கமான குளிரை அது அங்கும் தாங்கிக்கொண்டது. தோப்புக்குத் தோப்பு ஒரே ஜாதி மரமாய், நூறு வருஷத்துச் செல்வமாய் நின்றது.

1933-ஆம் வருஷக் கடைசியில் வந்தது வழக்கமில்லாத குளிர். டிசம்பர் 30-ஆம் தேதி வெர்மான்டின் புளூம்ஃபீல்டு கிராமத்தில் உஷ்ணமானி ஃபாரன்ஹீட் பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரிக்கு இறங்கியது. அடுத்த பிப்ரவரி 9-ஆம் தேதி, கடலோரத்திலுள்ள பாஸ்டன் நகரிலேயே பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி. அந்த நகரத்தில் அதற்குக் கீழே இறங்கியதாகப் பதிவே இல்லை. அந்த ராத்திரிகளில் மரத்துக்குள் என்ன நடந்தது என்பது வெளியே தெரியவில்லை. பட்டைக்கு அடியில், மரத்தை வளர்க்கும் மெல்லிய பச்சைப் படலம் உறைந்து செத்தது. நீர் ஏற்றும் வெளிக்கட்டை பழுப்பாக மாறியது. சில மரங்களில் பட்டை நெடுக வெடித்துக் கட்டையை விட்டு விலகியது. வசந்தம் வந்ததும், முன் வருஷம் சேர்த்து வைத்த சத்தைக் கொண்டு சில மரங்கள் துளிர்கூட விட்டன. பிழைத்துவிட்டது என்று குடியானவன் பெருமூச்சு விட்ட சமயத்தில், கோடை வெயில் ஏறவும், வேரிலிருந்து நீர் வராமல் அந்தத் துளிர்கள் சுருண்டு கருகின. கத்தி நுனியால் பட்டையைச் சுரண்டி, உள்ளே பச்சையா பழுப்பா என்று பார்ப்பதே அந்த வருஷம் தோப்புக்காரர்களின் வேலையாயிற்று. மெய்ன், நியூ ஹாம்ப்ஷைர், வெர்மான்ட் ராஜ்யங்களில் பால்டுவின் தோப்புகள் கூட்டங்கூட்டமாக அழிந்தன.

அது பொருளாதார மந்தத்தின் மத்திய காலம். மறுபடி நடப் பணமில்லை. நட்டாலும் காய்க்கும் வரையில் காத்திருக்கத் தெம்பில்லை. செத்த மரத்தை நிற்கவிட்டால் பூச்சிக்கும் நோய்க்கும் இடமாகி, தப்பிய மரங்களையும் கெடுக்கும். வேலையில்லாதோருக்குக் கூலி கொடுக்க வழி தேடிக்கொண்டிருந்த சர்க்கார், நிவாரண வேலைகளின் ஒரு பகுதியாக, கைவிடப்பட்டவையும் செத்தவையுமான ஆப்பிள் மரங்களை வெட்டும் பணிக்கும் ஆட்களை அனுப்பியது. காசு கொடுத்து நிலக்கரியோ எண்ணெயோ வாங்க முடியாதிருந்த வீடுகளுக்கு, மனித ஞாபகத்தில் முன் எப்போதும் இல்லாத அளவுக்கு ஆப்பிள் விறகு கிடைத்தது அந்த நாட்களில்தான். தாத்தாவின் ஒட்டுக் கத்தி பட்ட தழும்பு இன்னமும் தெரியும் அடிமரத்தைப் பேரன் கணப்பில் தள்ளியிருப்பான். குளிரில் செத்த மரம் குளிரைப் போக்க எரிந்தது. மீண்டும் நடத் துணிந்தவர்கள் பால்டுவினை விட்டு, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஜான் மக்கின்டாஷ் என்ற குடியானவர் 1811-இல் புதரிடையே கண்டெடுத்த, குளிரை அலட்சியம் செய்யும் மக்கின்டாஷ் ஜாதியை நட்டார்கள். ஒரே ராஜா இருந்த இடத்தில் இன்னொரு ராஜாவை உட்காரவைத்தார்களே அல்லாமல், பலவகை மரங்களைக் கலந்து வைக்கும் பழைய தலைமுறையின் யுக்திக்குத் திரும்பியவர் குறைவு. 1938 செப்டம்பர் 21-ஆம் தேதி, பழம் இன்னும் மரத்தில் தொங்கும் பருவத்தில், பெரும் புயல் ஒன்று நியூ இங்கிலாந்தைக் குறுக்கே கடந்து, காடுகளோடு தோப்புகளையும் வேரோடு புரட்டிப் போட்டது. விறகடுக்குகள் மறுபடியும் உயர்ந்தன.

பழைய தோப்பு விறகின் மேல் ஒரு நிழலும் உண்டு. ஜிப்சி விட்டில் என்னும் பூச்சியை ஒழிப்பதற்காக 1890-களில் மாஸசூஸெட்ஸில் முதலில் தயாரித்த ஈயமும் பாஷாணமும் கலந்த மருந்தை, இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் டி.டி.டி. வரும் வரையில், ஆப்பிள் மரங்களின் மேல் வருஷத்துக்குப் பலமுறை தெளித்தார்கள். அது எளிதில் அழியும் பொருளன்று. அந்தத் தோப்புகள் இருந்த நிலத்தின் மேல்மண்ணில் இன்றைக்கும் ஈயமும் பாஷாணமும் இருக்கின்றன. பட்டையில் படிந்த மருந்தோடு எத்தனை கட்டைகள் எத்தனை வீடுகளில் எரிந்தன என்று அக்காலத்தில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது நியூ இங்கிலாந்து ஜனங்கள் மீண்டும் விறகை நினைத்துக்கொண்டார்கள். இரும்பு அடுப்புகள் புதிய அழகுடன் வார்க்கப்பட்டன; புல்லின் ஜாபிதாவைப் போன்ற விறகு அட்டவணைகள் மறுபடியும் அச்சேறின; அவற்றிலும் ஆப்பிள் உயர்ந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் வாங்கப் போனவர்களுக்கு அது முன்போல் அகப்படவில்லை. இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையத்தில் வகைப்படுத்தப்பட்ட குள்ள வேர்களின் மேல் ஒட்டுக் கட்டிய மரங்கள் அமெரிக்கத் தோப்புகளுக்கும் வந்துவிட்டன. அவை ஆள் உயரத்துக்குச் சற்று மேல் வளர்ந்து, கம்பியில் கட்டுண்டு, மூன்றாம் வருஷத்திலேயே காய்த்து, இருபது வருஷத்துக்குள் பிடுங்கி எறியப்படுகின்றன. பிடுங்கிய மரத்தை யந்திரத்தில் போட்டுச் சிதைத்து நிலத்திலேயே பரப்பிவிடுவது இப்போதைய முறை. அதில் தப்பியதைச் சிறு துண்டுகளாக்கிப் பையில் அடைத்து, இறைச்சிக்குப் புகையூட்டுவோருக்குப் பவுண்டுக் கணக்கில் விற்கிறார்கள். முழங்கை பருமனுக்கு மேற்பட்ட கட்டை அதில் கிடைப்பது அரிது. பின்கட்டையாகப் போட உருட்டிக்கொண்டுவரும் ஆப்பிள் அடிமரம் வேண்டுமென்றால், காட்டுக்குள் மறைந்துபோன பழைய குடியானவன் வீட்டுக் கற்சுவரின் ஓரத்தில், மேப்பிளின் நிழலில் பாதி செத்து நிற்கும் மரத்தைத்தான் தேடிப் போகவேண்டும். அதையும் இப்போது பழைய ஜாதிகளைச் சேகரிப்போர், கொப்பு வெட்டி ஒட்டுக் கட்டுவதற்காகக் கோடரிக்காரனுக்கு முந்திப் போய்ப் பிடித்துக்கொள்கிறார்கள்.